பதினாறாம் நம்பர் கதவு

காலேஜ் லேபில் டர்போ சி-யில் நான் எழுதியவற்றில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் ஒன்றே ஒன்றுதான். நடுவே அசெம்பிளியில் இரண்டு வரி: ஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் ஹெக்ஸ் 13-ஐப் போடு, இன்டரப்ட் ஹெக்ஸ் 10-ஐக் கூப்பிடு. திரை படக்கென்று 320-க்கு 200 புள்ளி, 256 வண்ணம் என்று மாறும். பக்கத்து மெஷின்காரன் வாயைப் பிளப்பான். அதற்குமேல் என்ன வரைவது என்று எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

டாஸ் ஒரு திறந்த வீடு. மெமரியின் முதல் 1024 பைட்டில் 256 இன்டரப்ட்டுக்கும் நாலு நாலு பைட்டாக விலாசம் எழுதியிருக்கும். யாரும் எதையும் கூப்பிடலாம். விலாசத்தையே அழித்து எழுதலாம். ஏன் என்று கேட்க நாதி கிடையாது.

இருபது வருஷம் கழித்து, மகளிடம் பீற்றிக்கொள்வதற்காக அதே இரண்டு வரியை லினக்ஸில் எழுதினேன். ஜிசிசி கேட்கிறபடி டாலர் குறி வைத்து, இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கி. ஓட்டினால், 'செக்மென்டேஷன் ஃபால்ட்'.

"கலர் எங்கப்பா?"

கெர்னல் பதிவில் 'ஜெனரல் ப்ரொடெக்ஷன் ஃபால்ட், எரர் 82' என்று இருந்தது. 82 என்றால் என்னவென்று இரண்டு ராத்திரி தேடினேன். எந்தப் பட்டியலிலும் இல்லை. மூன்றாம் ராத்திரிதான் உறைத்தது: அது ஹெக்ஸ் 82. நம் கணக்கில் 130. ப்ராசஸர் இன்டரப்ட் நம்பரை எட்டால் பெருக்கி, 'இது இன்டரப்ட் கதவு' என்பதற்கு அடையாளமாக இரண்டைக் கூட்டும். ஹெக்ஸ் 10 என்பது பதினாறு. பதினாறெட்டு நூற்றிருபத்தெட்டு, அதோடு ரெண்டு. "பதினாறாம் நம்பர் கதவைத் தட்டினாயே, அது உனக்கில்லை" என்று மனுஷன் முதல் நாளே சொல்லியிருக்கிறான்.

ப்ரொடெக்டட் மோடில் கதவுக்குக் கதவு அந்தஸ்து எழுதியிருக்கும். கெர்னலுக்கு 0, நம் போன்றவர்களுக்கு 3. திறந்தாலும் பிரயோஜனமில்லை. 31 வரை தனக்கென்று இன்டெல் ஒதுக்கி வைத்திருந்த நம்பர்களில், 1981-இல் ஐபிஎம் புகுந்து பதினாறில் திரையைக் குடிவைத்தது. பின்னாளில் இன்டெல் அதே நம்பரை ஃப்ளோட்டிங் பாயின்ட் கணக்குப் பிழைக்குக் கொடுத்துவிட்டது. நான் கலர் கேட்டுப் போன வீட்டில் இப்போது கணக்கு வாத்தியார்.

லினக்ஸ் நமக்குத் திறந்து வைத்திருக்கும் சில கதவுகளில் ஒன்று ஹெக்ஸ் 80. சரி, கலர் போகட்டும், 'வணக்கம்' என்றாவது அச்சிடுவோம். 64 பிட் பட்டியலைப் பார்த்தேன். 1 என்றால் 'எழுது'. 1-ஐப் போட்டு 80-ஐத் தட்டினேன். ஃபால்ட் இல்லை, எரர் இல்லை, 'வணக்கம்' மட்டும் வரவில்லை. அந்தக் கதவுக்குள் பழைய 32 பிட் பட்டியல்தான் செல்லுபடியாம். அதில் 1 என்றால் 'புரோகிராமை முடி'.

"ஓடிச்சாப்பா?" என்றாள்.

"ஓடிடுச்சும்மா" என்றேன்.