டேப்புக்கும் திருத்தம் உண்டு

கேள்வி: எங்கள் மலையடிவாரத் தோப்பை டேப் பிடித்து அளந்தேன். புலப்படத்தில் இருப்பதைவிட நீளம் கூடுதலாக வருகிறதே, நிலம் வளருமா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: தென்னை வளரும், நிலம் வளராது! நீங்கள் அளந்தது சரிவை. புலப்படம் சொல்வது கிடைமட்டத் தூரத்தை. 10 டிகிரி சரிவில் 30 மீட்டர் அளந்தால் உண்மைக் கணக்கு 29.54 மீட்டர்தான். 46 செ.மீ. கழிக்க வேண்டும்.

வெயிலுக்கும் கணக்கு உண்டு. 20 டிகிரி செல்சியஸில் சரியாக இருக்கும் 30 மீட்டர் இரும்பு டேப், 35 டிகிரியில் சுமார் 5 மி.மீ. நீளும், அளவு குறைவாகக் காட்டும். அதைக் கூட்ட வேண்டும். நடுவில் தொய்ந்தால் அளவு கூடும், கழிக்க வேண்டும். வெப்பத்தால் வரும் இந்த மாற்றத்தைக் கணக்கிடத்தான், 1802-இல் நில அளவையாளர் லாம்டன் சென்னையில் தம் நில அளவைக்கான ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தபோது, 100 அடி எஃகுச் சங்கிலியோடு வெப்பமானியையும் வைத்துக்கொண்டார்.

நீங்கள் டேப்பை மட்டமாக இழுத்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி அளந்து பாருங்கள். பக்கத்துத் தோப்புக்காரரையே மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அளவோடு உறவும் நேராகும்.