வித்வான் ‘குழுவினர்’ அவர்களுக்குத் தனிப்பக்கம் ஒதுக்கிய பெருந்தகைமை குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
கலைஞர் விவரப் பிரிவினர்,
உலகத்துப் பாடல்களையெல்லாம் ஒரு கைப்பேசிக்குள் அடக்கிய இணைய இசைத்தளம்.

பொருள்: இறந்த தேதியைத் திருத்துதல், உடன் சில பாராட்டுகள்.

பெருமதிப்பிற்குரிய பிரிவினர்க்கு,

தமிழ்த் திரையிசையில் மிக அதிகமான பாடல்களில் பங்கேற்றவர் யார் என்னும் வினாவுக்கு ஆய்வாளர்கள் இதுவரை டி.எம்.சௌந்தரராஜன் என்றும் பி.சுசீலா என்றும் எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்றும் பலவாறு விடை கூறி வந்திருப்பினும், வானொலி அறிவிப்புகளையும் இசைத்தட்டு உறைகளையும் ஒலிநாடா அட்டைகளையும் ஒருசேர வைத்து நோக்குவார்க்கு அப்பெருமை ‘குழுவினர்’ என்னும் ஒரே வித்வானைச் சாரும் என்பது ஐயமற விளங்கும். ‘பாடியவர்கள் இன்னார், இன்னார் மற்றும் குழுவினர்’ என்று தலைமுறை தலைமுறையாக அறிவிக்கப்பட்டு வரும் அப்பெரியார், ஆண் குரலிலும் பெண் குரலிலும் மழலைக் குரலிலும் ஒரே மூச்சில் பாடவும், பாடியவாறே முப்பது வயலின்களையும் ஒரு தவிலையும் வாசிக்கவும் வல்லவராக இருந்தும், எந்த மேடையிலும் ஒரு பொன்னாடை பெற்றதில்லை. கலைமாமணிப் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற்றதில்லை. அக்குறையைப் போக்கத் திருவுளம் கொண்ட தங்கள் தளம், அவருக்கெனத் தனிப்பக்கம் ஒன்றைத் தானியங்கியாகவே தோற்றுவித்து, பல்லாண்டுப் பாடல்களை அவர் பெயரில் குவித்து, உருவப்படத்துக்குரிய வட்டத்தை மட்டும் சாம்பல் நிறத்தில் விட்டு வைத்திருப்பது, தமிழிசைக்குச் செய்யப்பட்ட தொண்டுகளுள் தலையாயதாகும்.

இவ்விண்ணப்பத்துக்கு உரியவர் அவ்வளவு பெரியவர் அல்லர். அவர் சென்னையில் வாழும் தனியிசைக் கலைஞர். அதாவது, தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடி, படத்தையோ பெருநிறுவனத்தையோ சாராமல் தம் பாடல்களை வெளியிடுபவர். அப்பாடல்கள் வீட்டு வாடகையைத் தீர்க்காமையால், பிறர் பாடல்களுக்குக் கிதார் வாசிக்கும் செஷன் கலைஞராகவும் இருக்கிறார். செஷன் கலைஞர் எனப்படுபவர், ஒரு கால்ஷீட்டுக்கு இன்ன தொகை என்று பேசிக்கொண்டு ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்து, அன்று காலைவரை கேட்டிராத இசையை நோட்டைப் பார்த்தோ வாயால் பாடிக்காட்டக் கேட்டோ வாசித்து, வவுச்சரில் கையெழுத்திட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறுபவர். வாசித்தது எந்தப் படத்துக்கு என்பதைப் பல வேளைகளில் அவர் வாசலில் உள்ள தேநீர்க்கடையில்தான் கேட்டறிகிறார்.

அண்மையில் வெளிவந்து திருமண வீடியோக்கள் அனைத்திலும் ஒலித்துக்கொண்டிருக்கும் திரைப்பாடல் ஒன்றின் இரண்டாம் இடையிசையில், அதாவது குரல் ஓய்ந்து கருவிகள் மட்டும் பேசும் பகுதியில், எட்டு பார் தாள நீளத்துக்கு வரும் கிதார் இவ்விண்ணப்பதாரர் வாசித்ததாகும். அப்பாடலுக்கான தங்கள் விவரப் பகுதியில் ‘கிதார்: குழுவினர்’ என்று காணப்பட்டமையால், வித்வானின் புகழில் பங்கு கேட்கும் துணிவு சிறிதுமின்றி, அவ்வொரு வரியில் மட்டும் தம் பெயரைச் சேர்க்குமாறு அவர் வேண்டினார். அவருடைய இசைப்பயணம் தங்களுக்கு மிக முக்கியமானது என்ற மறுமொழி நான்கே நிமிடங்களில் வந்தது. சான்று கேட்கப்பட்டது, அவர் வவுச்சரின் நகலை அனுப்பினார். இணையத்தில் எவரும் காணத்தக்க சான்றே செல்லுபடியாகும் என்று தெரிவிக்கப்பட்டது. அவர் இணையத்தைத் துழாவினார். பாடல் வரித் தளங்களும், தகவல் திரட்டுகளும், ரசிகர் பட்டியல்களும் ஒருமுகமாக ‘கிதார்: குழுவினர்’ என்றே கூறின; ஏனெனில் அவை யாவும் தங்கள் பக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. எழுதியவரே சாட்சியாகவும் சாட்சியே நீதிபதியாகவும் விளங்கும் இத்தகைய நடுநிலையைப் பழைய நாட்டாண்மைகளிலும் காண்பது அரிது.

இம்முறையீட்டால் தங்கள் இயந்திரத்தின் கவனம் விண்ணப்பதாரர் மீது திரும்பியது போலும். மூன்றாம் நாள், அவர் சொந்தமாகப் பாடி வெளியிட்ட பாடல்கள் இருந்த பக்கம், அதே பெயருடைய பக்திப் பாடகர் ஒருவரின் பக்கத்தோடு இணைக்கப்பட்டது. அப்பாடகர் காலமானவர். ஆகவே விண்ணப்பதாரரும் 1987ஆம் ஆண்டில் காலமானார். அவரைக் கச்சேரிக்கு ஒப்பந்தம் செய்திருந்த அமைப்பாளர் ஒருவர், இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்து, கொடுத்த முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டார். அழைப்பை எடுத்தவர் காலமானவரே.

இறந்த தேதியை நீக்குமாறு அனுப்பிய வேண்டுகோளுக்கு, மறைந்த கலைஞர்களின் விவரங்களைக் குடும்பத்தினரோ சட்டப்படியான வாரிசோ மட்டுமே திருத்தக் கோரலாம் என்ற விடை இவ்வாரம் வந்துள்ளது. வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறப்படுவது. அதைப் பெற முதலில் இறப்புச் சான்றிதழ் வேண்டும். எனவே தாம் இறக்கவில்லை என்பதை நிறுவ விண்ணப்பதாரர் முதற்கண் இறந்தாக வேண்டும் என்பதே தங்கள் நெறிமுறையின் திரண்ட பொருளாகிறது. இது நெறிமுறை அன்று, அவமதிப்பு. பெயரைக் கேட்டு வந்தவனிடமிருந்து உயிரையும் சேர்த்துப் பறித்துவிட்டு, அதற்குப் ‘பயனர் ஆதரவு’ என்று பெயர் வைப்பதற்கு மிகுந்த நெஞ்சழுத்தம் வேண்டும்.

நிற்க. தங்கள் தளத்தின் வேகத்தையும் ஒலித்தெளிவையும் விண்ணப்பதாரர் பெரிதும் மதிக்கிறார்.

வாசித்தவர் பெயரை விடும் வழக்கத்தைத் தாங்கள் தொடங்கவில்லை என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மோடவுன் நிறுவனம் 1960களில் வெளியிட்ட வெற்றிப்பாடல்களுள் பெரும்பாலானவற்றுக்கு ஃபங்க் பிரதர்ஸ் எனப்பட்ட செஷன் கலைஞர்களே வாசித்தனர். ஆயினும் அந்நிறுவனத்தின் இசைத்தட்டு உறைகள் 1971இல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பு வெளிவரும்வரை அவர்களின் பெயரைத் தாங்கவில்லை. பேஸ் கிதாரின் போக்கையே மாற்றியவராகப் பிற்காலத்தார் போற்றும் ஜேம்ஸ் ஜேமர்சன், அத்தனை ஆண்டுகளும் டெட்ராய்ட்டின் ‘குழுவினர்’ ஆகவே இருந்தார். அவர் 1983இல் மறைந்தார். அக்குழுவைப் பற்றிய ஆவணப்படம் 2002இல்தான் வந்தது. ஆனால் மோடவுனுக்கு ஒரு சாக்கு இருந்தது: உறை என்பது ஓரடிச் சதுர அட்டை, அதில் பாடகரின் படமும் பாடல் பட்டியலும் போக எஞ்சும் இடம் சிறிது. தங்கள் பக்கத்துக்கோ நீளமும் இல்லை, அகலமும் இல்லை, அச்சுக்கூலியும் இல்லை. விரலால் தள்ளத் தள்ள விளம்பரம் வந்துகொண்டே இருக்கும் பரப்பில் ஒரு கிதார்க்காரரின் பெயருக்கு இடமில்லை என்பது, கடலுக்குள் நின்றுகொண்டு கால் நனைக்கத் தண்ணீர் இல்லை என்பதற்கு ஒப்பாகும்.

உறையில் ஒரு பெயர் இருப்பதால் விளைவது என்ன என்பதற்கு லண்டனிலும் சான்று உண்டு. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாடலில் சொல்லே இல்லாமல் ஒலிக்கும் பெண்குரல், 1973 ஜனவரியில் 30 பவுண்டு ஊதியத்துக்கு வந்த செஷன் பாடகர் கிளேர் டோரியுடையது. குரல் அவருடையது என்று உறை கூறியது. இசையமைப்பு அக்குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரைட்டினுடையது என்றது. குரலின் போக்கைத் தாமே அங்கே கற்பனை செய்ததால் தாமும் இசையமைத்தவரே என்று டோரி 2004இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட, அதன்பின் வந்த பதிப்புகள் இருவரையும் இசையமைத்தவர்களாகக் குறிக்கின்றன. பாடியவர் அவர்தானா என்னும் கேள்வி அவ்வழக்கில் எழ இடமில்லை. ஏனெனில் உறையில் ‘குழுவினர்’ என்று இல்லை.

இந்தியச் சட்டம் இன்னும் நுட்பமானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், பாடுவோர், வாசிப்போர், நடிப்போர் முதலிய ‘நிகழ்த்துநர்’ எவர்க்கும், தம் நிகழ்த்துதலுக்குத் தாமே உரியவர் என அடையாளம் காட்டப்பெறும் உரிமையை 38பி பிரிவின்கீழ் அளித்தது. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமைத்தொகை உண்டு என்றும் கூறியது. அதே திருத்தம், நிகழ்த்துநர் என்னும் சொல்லின் வரையறைக்கு அடியில் ஒரு வாலையும் ஒட்டியது: திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணைமையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கும் குறிப்பிடப்படாதிருந்தால், தம் வாசிப்பு சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துநராகவே கருதப்படமாட்டார். எட்டு பார் கிதாரைத் துணைமையானது என்று வாதிட ஒரு வழக்கறிஞர் கிடைக்கமாட்டாரா? பெயர் போடாதிருப்பது வழக்கம்; வழக்கம் என்பதால் உரிமை இல்லை; உரிமை இல்லாதவருக்குப் பெயர் எதற்கு? இவ்வட்டத்துக்குள் சுற்றும் ஒருவருக்கு விவரப் பகுதியின் ஒற்றை வரி அழகுக்கு அணியும் நகை அன்று. குடும்ப அட்டையைப் போன்றது.

தொழில்நுட்பம் தடையாக உள்ளது என்ற மறுமொழி அடுத்து வரக்கூடும் என்பதால் அதையும் நோக்குவது தகும். ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளக் குறி உண்டு. அது எந்தப் பதிவு என்று கூறுமேயன்றி, அதில் வாசித்தவர் எவர் என்று கூறாது. எவர் என்பதைக் கூறவே ஐ.எஸ்.என்.ஐ. என்னும் 16 இலக்க எண் உள்ளது. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறியவும், ஒருவர் இறந்தால் மற்றவர் உயிரோடு இருக்கவும் அது உதவும். டிஸ்காக்ஸ் என்னும் இசைத்தட்டுத் தரவுத்தளம் அவ்வெண்ணுக்கும் காத்திராமல், ஒரே பெயருடையோரை அடைப்புக்குறிக்குள் 2, 3 என்று இலக்கமிட்டுப் பிரித்துவிடுகிறது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இரண்டு முருகன்களுக்கு ஆசிரியர் செய்ததும் அதுவே. கோடிக்கணக்கான கேட்போரின் காலை மனநிலையையும் மாலை மனநிலையையும் பிரித்தறிந்து பாடல் பரிமாறும் தங்கள் இயந்திரத்துக்கு, உயிரோடு கிதார் வாசிப்பவரையும் மறைந்துபோன பக்திப் பாடகரையும் பிரிக்க இயலவில்லை என்றால் அதற்குக் காரணம் அறிவுக்குறை அன்று. முன்னதில் காசு உண்டு, பின்னதில் இல்லை.

காசு என்றதும் மற்றொன்று. 2024 முதல் ஸ்பாட்டிஃபை தளம், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பதிவுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை கணக்கிடுவதில்லை. இத்தகைய வாயிற்படிகள் எழுந்துவரும் காலத்தில், ஒரு தனியிசைக் கலைஞரின் பாடல்கள் வேறொருவர் பக்கத்தில் போய்ச் சேருவது, உழவர் சந்தையில் ஒருவர் விற்ற காய்க்கு எதிர்க்கடைக்காரர் கல்லாவில் காசு விழுவதைப் போன்றது. வித்வான் ‘குழுவினர்’ இவ்வகைத் துன்பங்களுக்கு அப்பாற்பட்டவர். அவருக்கு வாடகை இல்லை, பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் இல்லை, கிதார்க் கம்பி மாற்றும் செலவு இல்லை. அவர் உரிமைத்தொகை கேட்டதாக வரலாறு இல்லை. அவர் மீது தங்களுக்குள்ள பேரன்பின் காரணமும் அதுவே ஆகலாம்.

தமிழ்நாட்டுக்கும் பெயர் போடத் தெரியும். 1992இல் ‘ரோஜா’ வெளிவருவதற்கு முன்னர் திலீப் என்ற பெயரில் பிறர் இசைக்குக் கீபோர்டு வாசித்து வந்த ஏ.ஆர்.ரஹ்மான், தாம் இசையமைப்பாளரான பின் ஒலிநாடாவுக்குள் மடித்து வைக்கும் அட்டையிலும் குறுந்தகட்டுச் சிற்றேட்டிலும் வாசித்தவர்களின் பெயரையும் ஒலிப்பொறியாளர்களின் பெயரையும் அச்சிடச் செய்தார். ‘பம்பாய்’ படத்தின் கருவியிசையில் ஒலிக்கும் புல்லாங்குழல் நவீன் குமாருடையது என்று இன்று பலரும் கூற இயல்வது அவ்வழக்கத்தின் பயன்களுள் ஒன்று. இளையராஜா 1986இல் வெளியிட்ட, பாடல் வரிகளே இல்லாத இசைத்தொகுப்பில் வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன் என்பதும் ரசிகர்கள் அறிந்ததே. அத்தொகுப்பின் பெயர் ‘ஹௌ டு நேம் இட்’. எப்படிப் பெயரிடுவது என்ற அவ்வினாவைத் தங்கள் பிரிவின் வாயிலில் பொறித்து வைத்தல் பொருந்தும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஓர் அட்டை, எழுத்தை எறும்பளவுக்குச் சுருக்கியேனும், வாசித்தவரைக் காட்டியது. அவ்வட்டையை ஒழித்துவிட்டு அதன் இடத்தில் வந்து அமர்ந்தவர்கள் அதன் கடமையையும் ஏற்றிருக்க வேண்டும். ஏற்கவில்லை. முப்பது ஆண்டுக்கு முன் ஒரு காகிதத் துண்டு செய்த வேலையை இன்று ஒரு பன்னாட்டு நிறுவனம் செய்ய மறுக்கிறது.

நிற்க. ஆத்திரத்தில் நேர்ந்த சொற்பிழைகளைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். காலமானவர்கள் சில வேளைகளில் அவ்வாறு பேசிவிடுவதுண்டு.

விண்ணப்பதாரரின் வேண்டுகோள்கள் மூன்று. வாசித்தவர் பெயரைச் சேர்க்க ஊதிய வவுச்சரும், இசையமைப்பாளரின் உறுதிமொழியும் போதிய சான்றுகளாக ஏற்கப்படல் வேண்டும். ஒரே பெயருடையோர் பக்கங்களை இணைக்குமுன், உயிரோடிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படல் வேண்டும். பெயர் தெரியாத இடத்தில் ‘பெயர் கிடைக்கவில்லை’ என்று எழுதப்படல் வேண்டும். ‘குழுவினர்’ என்று எழுதுவது தேடலை முடித்துவிடுகிறது, ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுவது தேடத் தூண்டுகிறது. இம்மூன்றும் இயலாதெனின், வித்வான் ‘குழுவினர்’ அவர்களின் முகவரியையேனும் தெரிவித்து உதவுமாறு வேண்டப்படுகிறது. அவர் வாசித்ததாகக் கூறப்படும் எட்டு பாரை ஒருமுறை நேரில் வாசித்துக் காட்டும்படி கேட்கும் ஆவல் விண்ணப்பதாரருக்கு உண்டு.

இப்படிக்கு,
தங்கள் பக்கத்தின்படி 1987ஆம் ஆண்டில் காலமான கிதார்க் கலைஞர்.

இணைப்பு: ஊதிய வவுச்சரின் நகல் ஒன்று. அதில் பெயர் இருக்கிறது.