கரண்ட் வரல சார்

1970-களில் மயிலாப்பூரில் எங்கள் பெரியப்பாவிடம் ஒரு படகு கார் இருந்தது. அமெரிக்காவில் பிறந்து, பம்பாயில் யாரிடமோ வளர்ந்து, கைமாறிக் கைமாறி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த எட்டு சிலிண்டர் வண்டி. தெருவின் அகலத்தில் பாதியை அது எடுத்துக்கொள்ளும். பெரியப்பாவின் சம்பளத்தில் பாதியையும்தான். கல்யாணத்துக்குக் கிளம்பினால், பட்டுப்புடவைகள் எல்லாம் ஏறி உட்கார்ந்து கதவு சாத்திய பிறகே அது தன் முடிவைச் சொல்லும். செல்ஃப் எடுக்கும், என்ஜின் பிடிக்காது.

கார் மேஸ்திரி சைக்கிளில் வருவார். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு துண்டு எமரித் தாள், காதில் ஒரு பீடி. பானெட்டைத் திறந்து, பிளக் ஒயர் ஒன்றைக் கழற்றி, அதன் முனையை என்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒரு செல்ஃப் அடி" என்பார். சாவியைத் திருப்பும் பாக்கியம் எனக்கு. நீலப் பொறி பளிச்சென்று பாய்ந்தால் கரண்ட் நிரபராதி. பெட்ரோல் பக்கம் விசாரணை போகும். மஞ்சளாகச் சோம்பல் பொறி வந்தால் கண்டன்சர் மேல் சந்தேகம். பொறியே இல்லையென்றால் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்து, வீட்டில் யாரோ தவறிவிட்டதைச் சொல்லும் குரலில், "கரண்ட் வரல சார்" என்பார்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடி திறக்கும். உள்ளே சி.பி. பாயிண்ட். பேட்டரியின் 12 வோல்ட், காயிலுக்குள் போய் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் எகிறி வருவதற்கு, இந்தச் சின்ன உலோக வாய் மூடித் திறக்க வேண்டும். எட்டு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பாயிண்ட் 12,000 தடவை திறந்தாக வேண்டும். தேயும், கரியும், அடைந்துபோகும். மேஸ்திரி எமரித் தாளால் தேய்த்துவிட்டு, இடைவெளி சரி பார்க்கப் பெரியப்பாவின் விசிட்டிங் கார்டைக் கேட்பார். தேவையானது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்; அதற்கென்று இருக்கும் கேஜை அவர் வாங்கியதே இல்லை. ஒரு கம்பெனியின் தலைமைக் கணக்கர் என்று அச்சடித்திருந்த அந்த அட்டை வேறு எங்கேயும் இவ்வளவு காரியம் சாதித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பாயிண்ட் ஏற்பாட்டை உலகுக்கு அளித்தவர் சார்லஸ் கெட்டரிங் என்கிற அமெரிக்கர். 1912 காடிலாக் காரில் கைப்பிடி சுற்றும் தொல்லையை ஒழித்து செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொடுத்தவரும் அவரே. அவருடைய பாயிண்ட், காயில், கண்டன்சர் கூட்டணி அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்துக் கார்களை ஓட்டியது. ஐப்பசி மழையில் மயிலாப்பூர் மாட வீதியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் இறங்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

அந்தக் காலத்து மேஸ்திரிகளின் கைராசியை இன்றைக்கு எல்லோரும் புகழ்கிறார்கள். நானும் புகழ்ந்திருக்கிறேன். அவர் அத்தனை கெட்டிக்காரர் ஆனதற்குக் காரணம், அந்த வண்டி அவருக்கு அத்தனை பயிற்சி கொடுத்ததுதான். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பாயிண்ட் வைக்க வேண்டும், டைமிங் பார்க்க வேண்டும், டேஷ்போர்டில் ஒரு கண்டன்சர் எப்போதும் கிடக்க வேண்டும். 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது, ஊரில் பல படகு கார்களுக்கு டீசல் என்ஜின் பொருத்தினார்கள். டீசலுக்குப் பொறியே வேண்டாம். இக்னிஷன் கோளாறுக்கு இதைவிட நிரந்தரமான வைத்தியம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது இருபது வயது தாண்டிய ஒரு ஜெர்மன் செடான். ஆறு சிலிண்டர், தோல் இருக்கை, மரப் பலகை பதித்த டேஷ்போர்டு. பழைய சொகுசுக் காரில் ஒரு சூட்சுமம் உண்டு: வண்டியின் விலைதான் பழசாகும், உதிரிபாகத்தின் விலை என்றும் புதுசு. இதில் பாயிண்டும் கிடையாது, டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். எந்தப் பொறி எப்போது என்பதை ஈ.சி.யூ. என்னும் கணினி தீர்மானிக்கும். பிளக்குகளே ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை உழைக்கும். மழை, வெயில் எதற்கும் அசையாது.

ஆகவே அது நின்றபோது மிகுந்த கண்ணியத்தோடு நின்றது. சித்திரை வெயிலில், பழைய மகாபலிபுரம் சாலையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. செல்ஃப் எடுத்தது, பிடிக்கவில்லை. அரை மணி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

பட்டறையில் குளிர்சாதன அறை, காப்பி, கணினி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் இளைஞர் ஸ்கேனரைச் செருகினார். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் பெட்ரோல் கார்களுக்கும் இந்த சாக்கெட் கட்டாயம். கார் தன் நோயைத் தானே சொல்லும் என்பது ஏற்பாடு. கார் சொன்னது: பி0300. அதாவது சிலிண்டர்களில் அங்கங்கே எரிப்பு தவறுகிறது. எரிப்பு தவறுகிறது என்பது நடுச்சாலையில் நின்ற எனக்கும் தெரியும். ஏன் தவறுகிறது என்பதுதான் கேள்வி. கேள்வியையே பதிலாக வாங்கிக்கொண்டு ஆறு காயில், ஆறு பிளக் மாற்றினார்கள். வண்டி குளிர்ச்சியில் ஓடியது, சூட்டில் நின்றது. "அடுத்து ஈ.சி.யூ. மாத்திப் பார்க்கலாம் சார்" என்றார் இளைஞர். சொன்ன தொகைக்குப் பெரியப்பா அந்தப் படகு காரைப் போல ஒரு தெரு நிறைய வாங்கியிருப்பார்.

புதுப்பேட்டைப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார். வண்டியைச் சூடாக்கி, அது நின்ற பிறகு, "அண்ணே, ஒரு செல்ஃப் அடிங்க" என்றார். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. பிளக் ஒயரைப் பிடித்துப் பொறி பார்ப்பது இந்தக் காலத்துக் காயிலுக்கும் கணினிக்கும் ஆகாது. ஜன்னல் வழியாக ஆர்.பி.எம். முள்ளை மட்டும் பார்த்தார். என்ஜின் சுற்றுகிறது, முள் அசையவில்லை. பெட்ரோல் வாசனையும் இல்லை. பொறி மட்டும் போயிருந்தால் எரியாத பெட்ரோல் மணக்கும். பொறியும் பெட்ரோலும் சேர்ந்து போனால், இரண்டுக்கும் உத்தரவு கொடுப்பவனுக்கே தகவல் போகவில்லை என்று அர்த்தம்.

தகவல் கொடுப்பது கிராங்க் சென்சார். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அங்கே சுற்றும் சக்கரத்தின் பற்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் அளவுப் பொருள். வயதானால் சூட்டில் அதன் உள்சுருள் விட்டுப்போகும், ஆறினால் கூடிக்கொள்ளும். சென்சார் பேசாவிட்டால், என்ஜின் சுற்றவே இல்லை என்றுதான் கணினி நினைக்கும். சுற்றாத என்ஜினில் என்ன குற்றம் எழுத முடியும்? அதனால்தான் ஸ்கேனரில் சென்சாரின் பெயரே வரவில்லை. நான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை எலக்ட்ரீசியன் வாங்கி, இப்போது பானெட்டைத் திறந்து, மீதியைச் சென்சார் மேல் ஊற்றினார். மறு செல்ஃபில் வண்டி பிடித்தது. பிறகு மல்டிமீட்டர் வைத்து, சூட்டில் சுருள் அறுபடுவதையும் காட்டினார். புதுச் சென்சாரின் விலை ஒரு காயிலின் விலையைத் தாண்டவில்லை.

ஸ்கேனரைப் பழிக்க மாட்டேன். அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. மேஸ்திரியைக் கோயில் கட்டிக் கும்பிடவும் மாட்டேன். அந்தப் படகு காரை நாங்கள் தள்ளிய தூரத்தைக் கூட்டினால் திருப்பதிக்கே போயிருக்கலாம். பழைய சொகுசுக் கார் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். வண்டி நின்றால், பட்டறையில் பில்லில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எதைச் சோதித்துப் பார்த்து இதை மாற்றச் சொல்கிறீர்கள்? பதில் வரவில்லை என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.