பிளஸ் பிரபு

இங்கிலாந்தில் டன்ஸ்டபிள் குன்றடியில், 1930இல் தொடங்கிய லண்டன் கிளைடிங் கிளப் இருக்கிறது. அங்கே போனாலும் சரி, எஞ்சினில்லாமல் பறக்கும் கிளைடர்களின் வேறு எந்த மைதானத்துக்குப் போனாலும் சரி, இவர் ஒருவராவது கண்ணில் படுவார். பிளஸ் பிரபு என்று வைத்துக்கொள்வோம்.

காலையிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர் காக்பிட்டில் குனிந்து ஒயர் மாட்டிக்கொண்டிருப்பார். பேனலில் ஸ்லோவேனியாவில் செய்த கணினி. (அந்தச் சின்ன நாட்டின் பொருளாதாரத்தில் பிரபுவின் பங்கு கணிசமானது.) பக்கத்தில் ஒட்டவைத்த போன், அதில் காசில்லாமல் கிடைக்கும் எக்ஸ்சிசோர் என்ற கிளைடர் மென்பொருள். தொடையில் கட்டிய பழைய கோபோ மின்நூல் கருவி, நாவல் படிக்கவென்று வாங்கியது. இப்போது அதிலும் எக்ஸ்சிசோர். மூன்றும் பதில் சொல்ல வேண்டியது ஒரே கேள்விக்கு: இருக்கிற உயரத்தை வைத்து மைதானம் போய்ச் சேரலாமா? போய்ச் சேரும்போது உயரம் மிச்சமிருந்தால் பிளஸ், போதாவிட்டால் மைனஸ். மூன்றும் ஒரே பதிலைச் சொன்ன நாளே கிடையாது. ஒன்று பிளஸ் 120 என்னும், இன்னொன்று பிளஸ் 40 என்னும், கோபோ மைனஸ் 60 என்னும். பிரபு அதிகம் தருகிற கட்சியோடு போய்விடுவார்.

காற்றில்லாத நாளில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நாற்பது மீட்டர் போகும் கிளைடருக்கு, டன்ஸ்டபிள் வரை முப்பது கிலோமீட்டருக்கு 750 மீட்டர் உயரம் போதும். (அந்த ஊர்க்காரர்கள் அடியிலும் நாட் (knot) கணக்கிலும் பேசுவார்கள், நமக்கு மீட்டரே வசதி.) எதிர்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வீசினால் கதை வேறு. 100 வேகத்தில் பறப்பவருக்குத் தரைமேல் கிடைப்பது 60தான். அதே தூரத்துக்கு 1,250 மீட்டர் வேண்டும். இந்த ஐந்நூறு மீட்டர் வித்தியாசத்தில்தான் பிரபுவின் வாழ்க்கை நடக்கிறது.

உயரம் போதாது என்றால் தெர்மலில், அதாவது சூடாகி மேலெழும் காற்றில், சுற்றி ஏற வேண்டியதுதானே? ஏறலாம். ஆனால் தெர்மலும் காற்றோடு பின்னால் நகர்கிறது. நொடிக்கு அரை மீட்டர் ஏற்றும் நோஞ்சான் தெர்மலில் பிரபு பத்து நிமிடம் கழுத்து வலிக்கச் சுற்றி 300 மீட்டர் ஏறுவார். அதற்குள் கிட்டத்தட்ட ஆறேமுக்கால் கிலோமீட்டர் பின்னுக்குப் போயிருப்பார். அதை மீட்க மட்டும் 278 மீட்டர் செலவு. நிகர லாபம் 22 மீட்டர். மைனஸ் 60 மைனஸ் 38 ஆனதைப் பார்த்து, வெற்றி நெருங்குகிறது என்று கிளம்பிவிடுவார்.

பாதி வழியில் எண் மறுபடி கீழே இறங்கும். இங்கேதான் பேரம் ஆரம்பம். முதலில் கை வைப்பது, தெர்மல் எவ்வளவு பலம் என்று கணினிக்குச் சொல்லும் மெக்ரெடி எண்ணில். பால் மெக்ரெடி 1956இல் பிரான்சில் உலக கிளைடர் சாம்பியன் ஆனவர். பிற்பாடு அவர் வடிவமைத்த மிதி விமானம் 1979இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது. தெர்மல் பலமாக இருந்தால் வேகமாகப் பற, மந்தமாக இருந்தால் மெதுவாகப் பற என்பது அவர் கணக்கின் சாரம். பிரபு அதை, எண்ணைக் குறைத்தால் பிளஸ் கூடும் என்று சுருக்கி வைத்திருக்கிறார். சுழியில் கொண்டுபோய் வைப்பார். பலத்த எதிர்காற்றில் பல கணினிகள் இதற்கு இன்னும் மோசமான எண்ணைக் காட்டும். சுழி என்றால் காற்றில்லாத நாளுக்கு உகந்த மெதுவான வேகம்; எதிர்காற்றில் மெதுவாகப் போகிறவன் பறந்துகொண்டே நிற்கிறான். 120இல் போயிருந்தால் அந்த முப்பது கிலோமீட்டரில் எண்பது மீட்டர்போல மிச்சமாகியிருக்கும். எதிர்காற்றில் பாதியை வேகத்தோடு சேர்த்துக்கொள் என்று கிளப்பின் கிழவர்கள் கணினி வருவதற்கு முன்பிருந்தே சொல்கிறார்கள். பிரபுவோ கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அடுத்த பொத்தானுக்குப் போவார்.

அடுத்தது பூச்சி. இறக்கையில் பூச்சி அப்பினால் கிளைடரின் திறன் குறையும். எத்தனை சதவீதம் என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். காலையில் பத்து என்று நேர்மையாகப் போட்டவர், மாலையில் ஒரே அழுத்தில் இறக்கை முழுவதையும் கழுவிவிடுவார். அதற்கடுத்து, பத்திரத்துக்கென்று ஒதுக்கிவைத்த இருநூறு மீட்டர் காப்பு உயரம் ஐம்பது ஆகும். கடைசியில் காற்று. கணினிக்குத் தெரிந்த காற்று, கடைசியாகச் சுற்றிய தெர்மலில் எவ்வளவு தள்ளப்பட்டோம் என்பதை வைத்துக் கணக்கிட்டது. அது மேலே, அதுவும் சற்று முன்பு. கீழே காற்று குறைவாக இருக்கும் என்பது பிரபுவின் வாதம், பொதுவாக உண்மையும்கூட. ஆனால் 40ஐ 18 என்று கையால் போடுவது, பொருத்தம் வரவில்லையென்று பிறந்த நேரத்தைத் திருத்துகிற வேலை. திரை பச்சையாகிறது. பிளஸ் 90.

“ஃபைனல் கிளைடு. பத்து நிமிஷத்தில் வந்துடறேன்” என்று ரேடியோவில் கம்பீரமாக அறிவிப்பார். கிளப் கேன்டீனில் அதைக் கேட்ட அவர் மனைவி தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காரை எடுத்துப் போய், கிளைடரை ஏற்றிவரும் டிரெய்லரை மாட்டுவார். பிரபு ‘வருகிறேன்’ என்று சொல்லாத நாட்களில்தான் அந்த அம்மாள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். குன்றின் சரிவில் மோதி எழும் மேற்குக் காற்றில் மரக் கிளைடர் ஒன்று கணினியே இல்லாமல் மத்தியானத்திலிருந்து அங்குமிங்கும் உலாத்திக்கொண்டிருக்கும். அதிலிருப்பவருக்குத் தூரத்தில் தாழ்வாக ஒரு வெள்ளைப் புள்ளி வருவது தெரியும். கொஞ்ச நேரத்தில் தெரியாது.

மைதானத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், அறுவடை முடிந்த கோதுமை வயலில் பிரபு அழகாகவே இறங்கியிருப்பார். நல்ல விமானி, அதைச் சொல்லத்தான் வேண்டும். டிராக்டரிலிருந்து இறங்கி வந்த விவசாயி, கிளைடரையும் தொடையிலிருக்கும் கோபோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னைக்குக் காத்து ரொம்ப பலமோ சார்?”

“பதினெட்டுதான்” என்றார் பிரபு, பறக்கப் பார்த்த தொப்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு.