பாற்கடல் நக்கப் போன பூனை எந்த இனம்? புளியங்குடிச் சான்றுகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

பூனைகளின் இனம், குணம் பற்றிய உலக ஆராய்ச்சியில் ஒரு பெருங்குறை உண்டு. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியின் சான்றுகள் அதில் இடம்பெறவில்லை. 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்ற ஓவியர் நடத்திய கண்காட்சியிலிருந்து இத்துறை தொடங்குவதாகச் சொல்வது மரபு. காது இவ்வளவு அகலம், மூக்கு இவ்வளவு குட்டை, வால் நுனி இன்ன நிறம் என்று அதன்பின் இலக்கணம் வகுத்தார்கள். 1906இல் அமெரிக்கப் பூனைப் பிரியர் சங்கம் எழுந்து வம்சாவளிப் பதிவேட்டைத் திறந்தது. வியர் 1889இல் பூனைகளைப் பற்றி நூலும் எழுதினார். பிறகு, தாம் தலைமை வகித்த தேசியப் பூனைக் கழகத்தாருக்குப் பூனையைவிடப் பதக்கம் பெரிதாகிவிட்டது என்று சொல்லி விலகிக்கொண்டார். தொடங்கி வைத்தவரே தாங்காமல் வெளியேறும் நிலைக்கு ஒரு துறை வந்துவிட்டால் அது முதிர்ந்துவிட்டது என்று பொருள். தமிழாய்வு அந்த முதிர்ச்சியை எப்போதோ எட்டிவிட்டது. ஆகவே இரண்டையும் இணைத்துப் பார்க்கும் இக்கட்டுரைக்குத் தனியாக நியாயம் சொல்லத் தேவையில்லை.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இத்துறையில் ஊர்ப் பெயருக்கும் ஊருக்கும் உறவு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பம்பாய்ப் பூனை 1950களில் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தது. கருஞ்சிறுத்தையைச் சிறிதாக்கி மடியில் வைத்துக்கொள்ளும் ஆசையின் விளைவு அது. இமாலயன் என்பது சயாமியையும் பெர்சியனையும் அமெரிக்காவில் கலந்து எடுத்த இனம். அதே நிறத்தில் அதே பெயரில் ஒரு முயல் இருந்ததைத் தவிர இமயமலைக்கு அதில் பங்கில்லை. நம்மூர்ச் செல்லப்பிராணிக் கடைகளில் ‘டால் ஃபேஸ்’, ‘பஞ்ச் ஃபேஸ்’, ‘டிரிபிள் கோட்’ என்று தரம் பிரித்து விற்கும் பெர்சியனின் மரபணுவைச் சோதித்தபோது, அது மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரியவந்தது. எல்லாவற்றையும்விட நமக்குப் பயன்படுவது அபிசீனியன். நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகம் 1830களில் வாங்கிய, பாடம் செய்யப்பட்ட ஒரு பூனை அந்த இனத்தின் பழைய சான்றாகக் காட்டப்படுகிறது. அதன் சீட்டில் எழுதியிருக்கும் நாடு இந்தியா. இந்தியாவில் எந்த ஊர் என்று சீட்டு சொல்லவில்லை. புளியங்குடி இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தின் வலிமையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் நம்மிடையே முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன.

இனி குணம். மெய்ன் கூன் உருவத்தில் பெரியது, சுபாவத்தில் சாது. ஸ்பிங்ஸுக்கு முடி கிடையாது. சித்திரை வெயிலில் அதைப் பற்றி இதற்குமேல் எழுதுவது இரக்கமற்ற செயல். ஸ்காட்டிஷ் ஃபோல்டின் காது அழகாக மடிந்திருக்கும். காதை மடக்கிய அதே மரபணுக் கோளாறுதான் அதன் மூட்டுகளையும் வலியில் மடக்குகிறது, அது அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பொறுமை என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். பஞ்ச் ஃபேஸ் பெர்சியனுக்கு மூச்சு இரைக்கும், கண்ணில் நீர் வடியும், குணம்: அமைதி. சயாமி ஓயாமல் பேசும். அதன் முகமும் கால்களும் வாலும் கறுத்திருப்பதற்குக் காரணம், உடலின் குளிர்ந்த பகுதியில் மட்டும் வேலை செய்யும் ஒரு நொதி. எனவே குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் வளரும் சயாமி சற்றே கறுக்கவும், புளியங்குடி வெயிலில் வளர்வது சற்றே வெளுக்கவும் வாய்ப்புண்டு. ஒரே பூனை குற்றாலத்தில் ஒரு வகையாகவும் முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி வேறு வகையாகவும் எண்ணப்படும் அபாயத்தை இத்துறை இன்னும் விவாதிக்கவில்லை.

குணத்தை அளந்துவிட்டார்களே என்று ஒரு மறுப்பு வரும். 2019இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 5,726 பூனைகளைப் பற்றிய வினாத்தாள்களை அலசினார்கள். ரஷ்யன் ப்ளூ புது ஆளைக் கண்டால் ஒதுங்குகிறது, பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் மனிதரை அவ்வளவாகத் தேடி வருவதில்லை, சில குணங்களில் ஏறக்குறையப் பாதி மரபுவழி வருகிறது என்று கண்டார்கள். உழைப்பை மதிக்கிறோம். ஆனால் அந்த வினாத்தாளை நிரப்பியது பூனை அல்ல, வளர்ப்பவர். புளியங்குடியில் இம்முறை செல்லுபடியாகாது. இங்கே பூனைகள் முதலில் கறுப்பு, வெள்ளை, செவலை, வரிப்பூனை, மூணு கலர் என்றும், பிறகு கடுவன், பெட்டை என்றும் பகுக்கப்படுகின்றன. (மூணு கலர் அநேகமாகப் பெட்டையாகவே இருக்கும், செவலை நிறம் எக்ஸ் குரோமோசோமில் ஏறி வருவதால் அப்படி. ஊர் வழக்கும் உயிரியலும் ஒத்துப்போகும் இடம் இது ஒன்றுதான்.) குணத்தை வைத்துச் செய்யும் பகுப்பு இரண்டே வகை: நம்ம வீட்டுப் பூனை, களவாணிப் பூனை. முன்னது சாது, பசி பொறுக்கும், பாலைத் தொடாது. பின்னது தந்திரசாலி, உறியை எட்டும், மீன் சட்டியின் மூடியை ஓசைப்படாமல் நகர்த்தும். கூர்ந்து நோக்கினால் இவை இரண்டும் ஒரே பூனை. இடையில் ஒரு சுற்றுச்சுவர் இருக்கிறது (சான்று: சுற்றுச்சுவர், மேற்புறம்). பூனையின் குணம் பூனைக்குள் இல்லை, எழுதுகிறவர் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் இருக்கிறது என்ற நம் கருதுகோள் இங்கேதான் பிறக்கிறது.

இக்கருதுகோளுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சாட்சி ராக்டால். 1960களில் கலிபோர்னியாவில் ஆன் பேக்கர் என்பவர் உருவாக்கிய இந்தப் பூனையைத் தூக்கினால் துணிப்பொம்மை போலத் தொய்ந்துவிடும் என்கிறார்கள். பெயரே அதிலிருந்து வந்தது. அமெரிக்கர் இதை ஒரு புதிய குணமாகக் கொண்டாடுவது அவர்கள் வைணவம் படிக்காததால் நேர்ந்த விபத்து. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வது போல உயிரும் முயன்று இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக் குட்டி சும்மா கிடக்க, தாயே கவ்விச் செல்வது போல இறைவன் கொண்டுபோவான் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். ஆக, கலிபோர்னியாவின் ராக்டால் தூய தென்கலை. தென்கலையின் பெருமடமான வானமாமலை மடம் இருக்கும் நாங்குநேரி ஒன்றுபட்ட பழைய நெல்லை மாவட்டத்துக்குள் அடங்கும், புளியங்குடியும் 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரியும் வரை அதே மாவட்டம் என்பதால், ராக்டாலின் குணம் நம் வட்டாரச் சரக்கு என்பது சொல்லாமலே விளங்கும். எந்தப் பூனைக் குட்டியையும் பிடரியில் கவ்வினால் தொய்யும் என்பதும், அதற்கு வம்சாவளிச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை என்பதும் இதில் அடக்கம் (மாடிப்படி, கீழிருந்து மூன்றாவது, வலது மூலை; தாய்ப்பூனை குட்டியை இடம் மாற்றியபின் இச்சான்று நான்காவது படியில் காணப்படுகிறது).

இனி மையக் கேள்விக்கு வருவோம். கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனையோடு தம்மை ஒப்பிடுகிறார். ராமகாதையைத் தாம் பாட முனைந்ததன் பேராசையைச் சொல்லும் இடம். இந்த இடத்துக்கு உரை எழுதியவர்கள் கடலின் பெருமை, கவியின் பணிவு, உவமையின் நயம் என்று நீட்டியிருக்கிறார்களே தவிர, அந்தப் பூனை எந்த இனம் என்று கேட்கவே இல்லை. கம்பர் காலம் சகம் 807 என்று சொல்லும் ஒரு தனிப்பாடலை நம்பி 9ஆம் நூற்றாண்டா, அல்லது 12ஆம் நூற்றாண்டா என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட நேரம் இருந்தவர்களுக்குப் பூனையைத் திரும்பிப் பார்க்க நேரம் இல்லாமல் போனது வருந்தத் தக்கது. பூனையின் இனத்தை நிறுவிவிட்டால் கம்பர் காலத்தையே அதை வைத்து நிறுவலாம் என்பது நம் துணிபு.

விலக்கு முறையில் செல்வோம். பெர்சியனாக இருக்க முடியாது. தட்டை முகத்தால் கிண்ணத்துப் பாலே ஒழுங்காக நக்க வராத பூனை கடலுக்குப் போயிருக்காது. தவிர, நீள்முடிப் பூனைகள் பாரசீகத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 1620ஐ ஒட்டி என்பார்கள். கம்பரை அவ்வளவு கீழே இறக்க எந்தக் கட்சியும் சம்மதிக்காது. சயாமி கரையில் நின்று கடலோடு பேசத் தொடங்கியிருக்கும், காப்பியம் தொடங்கியிருக்காது. ராக்டால், கடலே தன்னைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று கிடந்திருக்கும். அது அவையடக்கம் ஆகாது, சரணாகதி ஆகிவிடும். மெய்ன் கூனை முதலில் நாமும் சந்தேகித்தோம். உடல் பெரிது, தண்ணீருக்கு அவ்வளவாக அஞ்சாது. ஆனால் பதினைந்து ராத்தலுக்கு மேல் எடையுள்ள பூனையைப் பணிவுக்கு உவமை சொல்ல இயலுமா? சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து அமெரிக்காவில் எடுத்த பெங்கால் நீரில் குதிக்கும். அதன் காட்டு மூதாதை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உலவுகிறது, புளியங்குடிக்கு மேற்கே நெல்லை வனவிலங்கு சரணாலயம் அதே மலையில்தான் தொடங்குகிறது. இருந்தும் அதை விலக்குகிறோம், ஏனென்றால் காட்டு விலங்கு பாலுக்குப் போகாது. தொல்காப்பிய மரபியல் மூங்காவையும் வெருகையும் எலியையும் அணிலையும் ஒரே வரிசையில் நிறுத்தி அவற்றின் இளமைக்குக் குட்டி என்ற பெயரைக் கொடுக்கிறது. எலியோடு ஒரே பந்தியில் உட்காரச் சம்மதித்த வெருகு பாற்கடல் அளவுக்கு ஆசைப்பட்டிருக்காது.

எஞ்சுவது எது? தன் கொள்ளளவைப் பற்றிக் கவலைப்படாத, பாத்திரம் யாருடையது என்று விசாரிக்காத, முடியாதென்று தெரிந்தும் விளிம்பிலிருந்து தொடங்கிவிடுகிற பூனை. அதாவது களவாணிப் பூனை. சுவருக்கு இந்தப் பக்கம் வந்தால் நம்ம வீட்டுப் பூனை. கம்பர் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறார் (ஓட்டுச் சாய்ப்பு, வடகிழக்கு மூலை, நள்ளிரவுப் பாடம், விடியற்காலைப் பாடத்தில் ‘மியாவ்’ என்பது ‘மாவ்’ என்று உள்ளது, மூன்றாம் ஜாமத்தில் ஓடு நழுவியதால் நடுவே ஒரு பகுதி கிடைக்கவில்லை, கடுவன் பாடமும் பெட்டைப் பாடமும் இவ்விடத்தில் கடுமையாக முரண்படுவதை அக்கம்பக்கத்தார் அனைவரும் விழித்திருந்து உறுதி செய்துள்ளனர்).

அந்தப் பூனை புளியங்குடிப் பூனை என்று எப்படிச் சொல்கிறீர் என்று கேட்பார்கள். இதற்கு எலுமிச்சையே சான்று. எலுமிச்சை வாடை பூனைக்கு ஆகாது என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. செடித்தொட்டிக்குப் பூனை வராமலிருக்க எலுமிச்சைத் தோலைப் போடச் சொல்வார்கள். புளியங்குடியோ எலுமிச்சை மண்டிக்குப் பேர்போன ஊர், அதன் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலும் பூனைகள் இருக்கின்றன. ஆகவே புளியங்குடிப் பூனை பூனைகளின் பொது இயல்பைக் கடந்த தனி இனம். தன் மூக்குக்கு ஒவ்வாததை வென்ற பூனைக்குத்தான் பாற்கடல் ஒரு பொருட்டாக இருக்காது. பூனைகள் மண்டிப் பக்கம் போகாமல் மீன் கடைப் பக்கமே சுற்றக்கூடும் என்ற விளக்கம் எளிமையானது. அதனாலேயே ஆய்வுலகில் அதற்கு எதிர்காலம் இல்லை.

கம்பர் சோழ நாட்டுத் தேரழுந்தூர்க்காரர், புளியங்குடிக்கு எப்போது வந்தார் என்பது இன்னொரு மறுப்பு. வரவில்லை என்பதற்குச் சான்று ஏதும் காட்டப்படவில்லை என்பது நம் பதில். அவர் வரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், பூனை போயிருக்கலாமே. புளியங்குடிப் பூனைகள் ஒன்றுபோல் இன்னொன்று இல்லையே, நிறத்திலும் அளவிலும் ஒற்றுமை இல்லாததை இனம் என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்பார்கள். காதும் மூக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் ஃபோல்டின் மூட்டையும் பெர்சியனின் மூச்சையும் கெடுத்தது. புளியங்குடிப் பூனைக்கு இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. இலக்கணக் குழு விரும்பினால் இதையே முதல் தகுதியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

பதிவு செய்வதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறது. வம்சாவளிச் சான்றிதழில் தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்கள் கேட்கப்படுகின்றன. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு கடுவன்கள் தந்தையாக இருப்பது பூனைகளில் இயல்பு. உயிரியலும் இதை ஒப்புக்கொள்கிறது, கூரை மேல் கேட்கும் சத்தமும் ஒப்புக்கொள்கிறது. ஆகவே விண்ணப்பப் படிவத்தில் தாய் பெயருக்கு ஒரு கட்டமும், தந்தை பெயருக்குத் தேவைப்பட்டால் இணைப்புத் தாளும் வைக்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.