மீன் காத்த கனவான்கள்

அணையின் கலிங்கில் இரும்புக் கம்பி வலை அடித்தவர்களை இரக்கமில்லாதவர்கள் என்று சொன்னால் அது அபாண்டம். இரக்கம் இருந்தது. மீன்கள் மேல் இருந்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஜான்ஸ்டவுன் நகருக்கு 14 மைல் மேலே, மலையில் சவுத் ஃபோர்க் அணை. 72 அடி உயர மண்கரை. 1879-இல் அது பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி வேட்டை மன்றத்துக்குப் போயிற்று. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி, அவருடைய கூட்டாளி ஹென்றி ஃப்ரிக், வங்கிக்காரர் ஆண்ட்ரூ மெலன் எல்லாம் உறுப்பினர் பட்டியலில் இருந்தார்கள். கோடைக்கு வருவார்கள், படகு விடுவார்கள், தூண்டில் போடுவார்கள். காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் மழை நாளில் கலிங்கு வழியே ஓடிப்போனால் நஷ்டம் யாருக்கு? அதனால்தான் வலை.

கலிங்கு எதற்கு என்று ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிற பையனைக் கேட்டாலும் சொல்வான். கார்னெகிக்குச் சொல்ல ஆளில்லை.

மதகின் கதை இன்னும் அழகு. மாநில அரசு கால்வாய்க்குத் தண்ணீர் விட இந்த அணையைக் கட்டியபோது அடியில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்களைப் பதித்திருந்தது. மன்றத்துக்கு முன் அணையை வைத்திருந்தவர் ஜான் ரெய்லி. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். மக்கள் பிரதிநிதிக்கு எடைக்கு என்ன விலை போகும் என்பது தெரியாமலா இருக்கும்? மன்றத்தார் அவற்றைத் திரும்பப் பதிக்கவில்லை. கரையில் முன்பே விழுந்திருந்த உடைப்பை மண், பாறை, தழை, வைக்கோல் போட்டு அடைத்தார்கள். கரைமேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போகவேண்டுமே என்று உச்சியையும் வெட்டித் தாழ்த்தினார்கள். அடியில் வழியில்லை, பக்கத்தில் வலை, மேலே கரை தாழ்வு. இம்மூன்றையும் ஒரு ஏழை திட்டம் போட்டுச் செய்திருந்தால் அதற்குச் சதி என்று பெயர். மன்றம் செய்ததால் பராமரிப்பு.

மேற்பார்வையே இல்லை என்றும் சொல்லக்கூடாது. 1880-இல் ஜான்ஸ்டவுனின் கேம்ப்ரியா இரும்பாலையின் பொது மேலாளர் டேனியல் மொரெல், தம்முடைய பொறியாளர் ஜான் ஃபுல்டனை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். வடிகுழாய் கிடையாது, பழுது பார்த்தது உருப்படியில்லை, கரை கசிகிறது என்று ஃபுல்டன் எழுதிக் கொடுத்தார். எங்களால் உங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று மன்றத் தலைவர் பெஞ்சமின் ரஃப் பதில் போட்டார். செலவில் நானும் பங்கு தருகிறேன் என்றார் மொரெல். அதையும் வேண்டாமென்றார்கள். அரசாங்கமா? அணையைச் சோதிக்க அந்த மாநிலத்தில் சட்டமே கிடையாது. கீழே பள்ளத்தாக்கில் சுமார் முப்பதாயிரம் பேர் ஒரு கடிதத்தின் தயவில் தூங்கி எழுந்தார்கள்.

1889 மே 31. விடாத மழை. மரமும் குப்பையும் வந்து வலையை அடைத்துக்கொண்டன. கடைசி நேரத்தில் பிடுங்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பிற்பகல் கரை உடைந்தது. இரண்டு கோடி டன் தண்ணீர் ஒரு மணி நேரம் போல இறங்கி ஊருக்குள் வந்தது. செத்தவர்கள் 2,209 பேர். 99 குடும்பங்கள் பூண்டோடு போயின. கல் பாலத்தில் குவிந்த இடிபாடுகள் தீப்பற்றி, தண்ணீரில் பிழைத்தவர்கள் நெருப்பில் வெந்தார்கள். இன்னார் என்று தெரியாமலே புதைக்கப்பட்டவர்கள் 777 பேர். மீனும் ஒன்று மிஞ்சவில்லை. மன்றத்தாருக்கு நம் அனுதாபங்கள்.

மன்றம் ஆயிரம் கம்பளி அனுப்பியது. இரண்டு பிணத்துக்கு ஒன்று என்றுகூடக் கணக்கு வராது.

மன்றத்தின்மேல் வழக்குப் போட்டவர்களுக்கு ஒரு டாலர்கூட நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. வெள்ளம் கடவுளின் செயலாம். கடவுள் குழாயை விற்கவில்லை, வலை அடிக்கவில்லை, வண்டி ஓட்டக் கரையை வெட்டவில்லை. ஆனாலும் பழி அவர் தலையில் விழுந்தது. அவருக்கு வக்கீல் இல்லை. மன்றத்துக்கு இருந்தார்: ஃபிலாண்டர் நாக்ஸ், அவரே மன்றத்தின் உறுப்பினர். 1901-இல் அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞர் ஆனார். கார்னெகி ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். அது இப்போது வெள்ள அருங்காட்சியகம்.

சட்டம் வந்ததா? வந்தது, 24 ஆண்டு கழித்து. 1911-இல் அதே மாநிலத்தில் ஆஸ்டின் என்ற ஊரில் காகித ஆலையின் அணை உடைந்து 78 பேர் செத்த பிறகு, 1913-இல். 2,209 பேர் போதவில்லை. மேலும் 78 தேவைப்பட்டது.

அது அந்தக் காலம் என்பீர்கள். மிச்சிகனில் ஈடன்வில் அணையைப் பாருங்கள். 1920-களில் மின்சாரத்துக்குக் கட்டியது, தனியார் கையில் இருந்தது, ஏரியைச் சுற்றி வீடுகளும் படகுத் துறைகளும். பெருவெள்ளம் வந்தால் கலிங்கு தாங்காது என்று மத்திய ஆணையம் ஆண்டுக்கணக்காக எழுதிப் பார்த்து, 2018-இல் மின் உரிமத்தைப் பறித்தது. காகிதம் போயிற்று, அணை அங்கேயே நின்றது. பொறுப்பு மாநிலத்தின் தலையில். உரிமையாளர் அனுமதியில்லாமல் ஏரி மட்டத்தைக் குறைத்து நன்னீர்ச் சிப்பிகளைச் சாகடித்தார் என்று 2020 ஏப்ரல் 30-இல் மாநிலம் வழக்குத் தொடுத்தது. சிப்பியும் உயிர்தான், மறுக்கவில்லை. மீனிலிருந்து சிப்பிக்கு வர நமக்கு 131 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, அவ்வளவுதான். மனிதனின் முறை இன்னும் வரவில்லை.

வழக்குப் போட்ட பத்தொன்பதாம் நாள், மே 19-இல், அணை உடைந்தது. சுமார் பத்தாயிரம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். ஏரி வடிந்து சேறாய்க் கிடந்தது.