சந்திரனும் சந்துமுனையும்

2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை, விழுப்புரத்து வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3, சந்திரனின் தென் துருவத்தருகே பத்திரமாக இறங்கிய வைபவத்தைப் பத்திரிகைகள் மறுநாள் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் பிரசுரித்திருந்தபோதிலும், நமது தெருவாசிகள் அந்தத் தேச கௌரவத்தை ஒரு கண்ணால் தரிசித்துவிட்டு, மறு கண்ணை உள்பக்கத்துப் பட்டிமன்றம், இலவசக் கண் சிகிச்சை முகாம் ஆகியவற்றைக் கடந்து, ‘காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை’ என்னும் அறிவிப்பிலேயே பரம சிரத்தையுடன் பதித்திருந்தார்கள். சந்திர மண்டலத்திலும் மின்தடை உண்டு. சுமார் பதினான்கு நாள் பகல் முடிந்து சூரியன் மறையும் தறுவாயில், அங்கே இறங்கிய விக்ரம் கலத்தையே நித்திரையில் ஆழ்த்திவிட்டார்கள். ஆனால் அங்கே இருள்வதும் விடிவதும் பஞ்சாங்கப்படி நடக்கின்றன. நமது சந்துமுனைக்கு இரண்டு மணிக்கு வரவேண்டிய மின்சாரமோ, சந்திரனைப் பிரதக்ஷிணம் செய்துவிட்டு, சாவகாசமாக நாலரைக்குத்தான் எழுந்தருளுகிறது.